செவிக்கு ஒரு மேடை வேண்டும்

நம் மன்றத்தின் ஆண்டு விழா நாடகம் இல்லாமல் நடந்ததில்லை. நாடகம் என்றால் திரை, ஒப்பனை, வாடகை உடை ஆகியவையும் கூடவே வந்துவிடுகின்றன. மாணவர் தரும் சந்தாவில் பெரும்பகுதி அட்டைக் கிரீடத்துக்கும் தகர வாளுக்கும் போய்ச் சேர்கிறது. எஞ்சிய காசுக்கு அமர்த்தும் ஒலிபெருக்கியோ அரசன் வீர உரை ஆற்றும்போது ஊமையாகிவிட்டு, அவன் மாண்ட பிறகு அலறத் தொடங்குகிறது. முன்வரிசையில் அமர்ந்த பேராசிரியர்கள் கதையை அறிகிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் உடையை அறிகிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே சென்ற கூட்டத்தில், "இவ்வாண்டு பார்க்கும் நாடகம் வேண்டா, கேட்கும் நாடகம் ஒன்றை, நல்ல வாத்தியக் குழுவோடு நடத்துவோம்" என்று சொன்னேன். சிலர் நகைத்தனர். "விழாவுக்கு வருகிறவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்கிறீரா?" என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். ஆம், அதைத்தான் சொல்கிறேன். ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கக் கூட்டத்தில் நேரம் கிடைக்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

கேட்கும் நாடகம் என்பது நான் கண்டுபிடித்த புதுமை அன்று. சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பும் சென்னையில் ஒலிபரப்பு இருந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-இல் அமைத்த வானொலிக் கழகம் மூன்று ஆண்டுகள் பாடுபட்டுப் பணமின்றிப் படுத்துவிட்டது. அதன் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 முதல் மாலை வேளைகளில் இசை பரப்பியது. கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் ஒலிபெருக்கியின் கீழே நின்று கச்சேரி கேட்டார்கள். ஆயினும் அது நகரத்துக்குள் அடங்கிய இன்பம். சித்தூரில் இருந்தவனுக்கும் திருப்பதியில் இருந்தவனுக்கும் அதில் பங்கு இல்லை. 1938-இல் நிலைமை மாறியது. நகரத்துக்கென மத்திய அலையில் ஒரு சிறு ஒலிபரப்பியும், தொலைவில் உள்ளோருக்கெனச் சிற்றலையில் 10 கிலோவாட் ஒலிபரப்பியும் சென்னையில் இயங்கின. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி நிலையமும் வந்தது.

இவ்விடத்தில் நம் ஊர்களின் வரலாற்றைச் சற்று நினைவிற் கொள்ள வேண்டும். 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது சித்தூரே. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமானபோதும், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரையிலும் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படிப் பலமுறை இடம் மாறின. ஒலியலைக்கோ இந்தக் கோடுகள் தெரிந்ததில்லை. 1938-இல் சென்னை நிலையம் பேசியபோது, அது நம் சொந்த மாகாணத்தின் நிலையமாகவே நமக்குப் பேசியது. அதுவும் தமிழிலும் தெலுங்கிலும் பேசியது. விஜயவாடாவில் நிலையம் அமைந்தது 1948 டிசம்பரில்தான். அதுவரை பத்தாண்டுக் காலம் தெலுங்கு இலக்கியத்துக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் சென்னையில் ஒரே கூடம், ஒரே ஒலிவாங்கி.

அந்தக் கூடத்திலிருந்து நிலையம் தொடங்கிய அதே ஜூன் மாதத்திலேயே முத்துகிருஷ்ணா எழுதிய 'அனார்கலி' என்ற தெலுங்கு நாடகம் ஒலிபரப்பாயிற்று. அதில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? கவிஞர் தேவுலபல்லி கிருஷ்ண சாஸ்திரி! ஒரு மொழியின் முன்னணிக் கவிஞர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று நாடகப் பாத்திரமாகப் பேசினார். அதை அவர் இழிவாக எண்ணவில்லை. தமிழில் ஏ. எஸ். ஏ. சாமி எழுதிய 'பில்ஹணன்' நாடகம் திருச்சி நிலையத்திலிருந்து ஒலிபரப்பானபோது, அக்கவிஞனாகக் குரல் கொடுத்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்கள் அதை மேடை ஏற்றினார்கள். 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் செவி, பிறகு மேடை, பிறகு திரை. இன்று நாம் நேர்மாறாகத் திரையில் வந்ததை மேடைக்கு இழுத்து வந்து, ஒலிபெருக்கியிடம் அடி வாங்குகிறோம்.

அந்த நாளைய நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பப்பட்டவை. ஒருமுறை பேசினால் பேசியதுதான். காற்றோடு கலந்து போயிற்று. 'வானொலி' என்ற பெயரில் தமிழிலும் 'வாணி' என்ற பெயரில் தெலுங்கிலும் வந்த நிகழ்ச்சி நிரல் இதழ்கள் இன்ன நாள் இன்ன நாடகம் என்று அச்சிட்டு வைத்தன. விருந்து போய்விட்டது, இலைப்பட்டியல் மட்டும் இருக்கிறது. பழைய கச்சேரிகளைத் தேடித் தேடிக் கேட்கும் அன்பர்கள் எத்தனையோ பேர் உளர். பழைய வானொலி நாடகத்தைத் தேடுவோர் யார்? நம் திருப்பதியே இதற்குச் சான்று. எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அதை அறியாத வீடு தென்னாட்டில் இல்லை. இசைத்தட்டும் வானொலியும் சேர்ந்து இந்த மலையின் விடியலை உலகுக்கெல்லாம் விடியலாக்கின. அத்தனை ஆற்றல் படைத்த கருவி இலக்கியத்தையும் சுமந்ததே, அதை மட்டும் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

கேட்கும் நாடகத்தின் இலக்கணம் என்ன? 1924 ஜனவரியில் லண்டன் பி.பி.சி. நிலையத்தில் ரிச்சர்ட் ஹியூஸ் என்ற இளைஞர் எழுதிய ஒரு நாடகம் ஒலிபரப்பாயிற்று. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றாக அதைப் போற்றுவர். அவர் செய்த தந்திரம் எளியது, ஆனால் அருமையானது. கதை நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது, விளக்கு அணைந்துவிடுகிறது. பாத்திரங்களுக்கும் கண் தெரியவில்லை, கேட்பவனுக்கும் கண் தெரியவில்லை! இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். கண் இல்லாமையைக் குறையாகக் கருதாமல் கதையின் உயிராகவே ஆக்கிவிட்டார்.

நம்மிடம் அத்தகைய கதை இல்லையா? என் சிந்தை சிலப்பதிகாரத்துக்கே செல்கிறது. அக்காப்பியம் முழுவதும் ஓர் ஒலியின் மேல் நிற்கிறது என்பேன். கோவலன் கையில் இருந்ததும் சிலம்பு. கோப்பெருந்தேவி இழந்ததும் சிலம்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. அதனால்தான் பொற்கொல்லன் பொய் வென்றது. உள்ளே இருந்த பரல் வேறு. ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து. மேடையில் இக்காட்சியை நடித்தால் முன்வரிசைக்குக்கூடப் பரல் தெரியாது. ஆனால் செவி மேடையில்? அவைக்களம் அடங்குகிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. ஒரு கணம் மௌனம். சிலம்பு தரையில் உடைகிறது. மணி தெறித்து அரசன் முகத்தருகே எழுகிறது. அதற்குப் பிறகு பாண்டியன் சொல்லும் சொற்களுக்குக் கிரீடமும் தாடியும் எதற்கு? அவன் குரல் தளர்வதே போதாதா?

இனி வாத்தியக் குழுவைப் பற்றி. இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பல வாத்தியங்களை ஒன்றாக அமர்த்தியவுடன் பலருக்கு ஒரே வழிதான் தெரிகிறது: எல்லாரும் ஒரே கீர்த்தனையை ஒரே நேரத்தில் வாசித்துவிடுவது. இருபது பேர் வாசித்தால் இருபது மடங்கு சத்தம். இருபதில் ஒரு பங்கு இசை. பல்லியம் என்ற அழகிய சொல் நம் பழந்தமிழில் உண்டு. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஒரு கருவிக்கு அடுத்து எது, அதற்கு அடுத்து எது என்று ஒழுங்கு வகுத்துக் காட்டிய பிறகே, அனைத்தும் கூடி ஒலிக்கும் ஆமந்திரிகைக்கு வருகிறார். தனித்தனி வழியில் நடந்து, வேண்டிய இடத்தில் கூடுவதே பல்லியம். கூட்டம் கூடுவது வேறு, அவை கூடுவது வேறு.

வானொலி இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1937-இல் டில்லி நிலையத்தில் மேனாட்டு இசைக்குப் பொறுப்பேற்றார். அவர் நம் நாட்டு வித்துவான்களைக் கொண்டு, நம் வாத்தியங்களைக் கொண்டு, எழுதிவைத்த இசையை வாசிக்கும் குழு ஒன்றை அமைத்தார். குரு வாயால் கேட்டுக் கற்றவர்களைத் தாளைப் பார்த்து வாசிக்கச் செய்வது எளிய காரியமா? அம்முயற்சி வேர் விடுவதற்குள், 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலரா நோய்க்கு இரையானார். அகில இந்திய வானொலியின் காலை அடையாள இசையை நாம் அனைவரும் அறிவோம். அதை ஆக்கியவரும் ஓர் அயல்நாட்டவரே. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்பார். தம்பூரா ஒலி பின்னே நிற்க, அதன்மேல் ஒரு பிடில். எவ்வளவு குறைந்த பொருளில் எவ்வளவு நிறைந்த விளைவு!

ஃபோல்ட்ஸ் செய்த இன்னொரு காரியத்தின் விளைவு நம் நாடகத்துக்கு மறைமுகமாக நன்மை செய்தது என்பது என் துணிபு. ஹார்மோனியம் நம் இசைக்குப் பொருந்தாத கருவி என்று அவர் கடுமையாக எழுதினார். 1940-இல் வானொலி அதை அறவே விலக்கியது. அத்தடை தளர்வதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. பல நல்ல கலைஞர்களைப் புண்படுத்திய தடை அது; அதை நான் பாராட்டவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். கம்பெனி நாடகத்தின் முதுகெலும்பே ஹார்மோனியப் பெட்டிதான். அரசன் வந்தால் பெட்டி, அழுதால் பெட்டி, பாட்டுக்கு முன்னும் பின்னும் பெட்டி. வானொலியில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை என்றவுடன் வீணையும் குழலும் பிடிலும் காட்சியைக் காட்சியோடு இணைக்கும் வேலையை ஏற்க வேண்டியதாயிற்று. வானொலி நாடகத்தின் பின்னணி இசை மேடை நாடகத்தின் இசையினின்று பிரிந்து தனி வழி கண்டதற்கு இது ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

1952-இல் டில்லியில் வாத்திய விருந்தா என்ற தேசிய வாத்தியக் குழு அமைந்தது. வடக்கின் ரவிசங்கரும் தெற்கின் பிடில் வித்துவான் டி. கே. ஜயராமய்யரும் அதை நடத்தினார்கள். பின்னாளில் சென்னை நிலையத்தில் பணியாற்றிவிட்டு டில்லி சென்று அக்குழுவை நடத்திய ஈமனி சங்கர சாஸ்திரி, எவரெஸ்ட் சிகரம் ஏறியதை வாத்தியங்களாலேயே சித்திரித்தார். பாட்டு இல்லை, சொல் இல்லை, மலை மட்டும் இருக்கிறது! வாத்தியம் கதை சொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஏழு மலைகளின் அடியில் வாழ்கின்ற நமக்கு ஒரு மலையை ஒலியால் வரையத் தோன்றவில்லையே என்று சில வேளை எண்ணுவதுண்டு.

1956 முதல் வானொலியில் நாடகங்களுக்கென ஒரு தேசிய நிகழ்ச்சி நடந்தது. ஒரு மொழியின் நாடகத்தை மற்ற மொழிகளில் பெயர்த்து, ஒரே இரவில் நாடெங்கும் அந்தந்த மொழியில் ஒலிபரப்புவார்கள். சித்தூரில் இருக்கும் ஒருவர் முள்ளைச் சற்றே நகர்த்தினால் போதும், அதே நாடகத்தைத் தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம். இரு மொழியும் அறிந்தவருக்குக் கிடைத்த இந்தப் பேறு சென்னைவாசிக்கும் கிடைத்ததில்லை, ஹைதராபாத்வாசிக்கும் கிடைத்ததில்லை. எல்லையில் வாழ்வது துன்பம் என்று நாம் அடிக்கடி புலம்புகிறோமே. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம் ஊர்ப் பெயரை இசையுலகுக்கு அளித்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் மாணவர். பிற்காலத்தில் இதே திருப்பதியின் இசைக் கல்லூரிக்கு முதல்வராய் இருந்தவர். சித்தூர் நாகையாவின் குரலை இரு மொழியாரும் தம்முடையது என்றே உரிமை கொண்டாடினர். நம் மாவட்டத்தின் காது அன்றும் இன்றும் இருமொழிக் காது.

இப்போது என் வாதத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். நம் மன்றத்தில் உறுப்பினராய் இருப்பவர்களில் இரு சாரார் உண்டு. வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வந்து பயில்வோர் ஒரு சாரார். அவர்கள் தமிழ் வழியே கற்றவர்கள். சித்தூர், குப்பம், புத்தூர், நகரி ஆகிய பகுதிகளில் பிறந்து தெலுங்கு வழியோ ஆங்கில வழியோ கற்றவர்கள் மற்றொரு சாரார். இவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தமிழில் சண்டை போடுகிறார்கள், தமிழில் கனவு காண்கிறார்கள்; ஆனால் இந்த இதழை எடுத்துப் படிக்க இயலாது. இக்கட்டுரையையும் ஒருவர் படித்துச் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். நம் மன்றமோ கட்டுரைப் போட்டி வைக்கிறது, கவிதைப் போட்டி வைக்கிறது, நூலகத்துக்கு நூல் வாங்குகிறது. எழுத்தறிந்தவனுக்கு எழுத்தறிந்தவன் பரிமாறும் விருந்து இது. பாதிப் பேர் வாயிலில் நிற்கிறார்கள். அவர்களைச் சந்தா கேட்க மட்டும் உள்ளே அழைக்கிறோம்.

இவர்களுடைய தமிழ் செவியில் இருக்கிறது. பாட்டி சொன்ன கதையில் வந்தது, வானொலியில் வந்தது, திரைப்படத்தில் வந்தது. அந்தச் செவிக்கு இலக்கியத்தைக் கொண்டு சேர்க்கக் கேட்கும் நாடகத்தைவிடச் சிறந்த வழி எது? காப்பியங்களே முதலில் செவிக்காக எழுந்தவைதாமே! ஏட்டைப் படித்தவன் ஒருவன், கேட்டவர் ஊரார்.

மறுப்புரைகளையும் கேட்டேன். "தெலுங்கு நண்பர்களுக்குப் புரியாதே" என்றார் ஒருவர். அவர்களும் நாடகத்தில் பங்கு கொள்ளட்டும் என்கிறேன். இசைக் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது. வீணைக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், பிடிலுக்கு இருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், பாண்டியன் அவைக்கு ஒரு நாகசுரம். ஆறு பேர் போதும். வாத்தியத்துக்கு மொழி வேலி இல்லை. சொல் நடக்கும்போது வாத்தியம் நிற்க வேண்டும், சொல் நின்ற இடத்தில் வாத்தியம் நடக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். "கைப்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்க இதற்கு யார் வருவார்?" என்றார் இன்னொருவர். கைப்பேசியில் கண்ணகி உங்கள் விடுதி அறைத் தோழியின் குரலில் பேசுவாளா? குதிரைக் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சியைத் தட்டியும், இடிக்குத் தகரத்தை உதறியும், தீக்குக் கண்ணாடித் தாளைக் கசக்கியும் நம் தோழர்கள் படும் பாட்டைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் இன்பம் எந்தக் கருவியில் உண்டு? வாடகை உடைக்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஒலிவாங்கிகள் நான்கு வாங்கலாம். அவை அடுத்த ஆண்டும் இருக்கும்.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை உண்மையில் வருத்தியது. தமிழ் எழுத்து அறியாதவர்கள் வசனத்தை எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டபோது, தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுப்போம் என்றேன். உடனே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தமிழ் மன்றத்தில் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவதா, அது தமிழுக்கு இழுக்கு அன்றோ என்றார்கள். அன்பர்களே, எழுத்தை அறியாதவன் தன் தாய்மொழிக் காப்பியத்தில் ஒரு வரியைக்கூடப் பேச முடியாமல் வாயிலில் நிற்பது இழுக்கு இல்லையா? வேற்றெழுத்தில் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வழுவாமல் பேசிப் பழகி, பேசிய சொல் தன் சொல்லாகவே ஆனபின், அதன் எழுத்து வடிவத்தைக் காணும் ஆசை அவனுக்குத் தானே பிறக்காதா? இலங்கை வானொலியில் 'சானா' என்ற சண்முகநாதன் யாழ்ப்பாண மக்களின் பேச்சு வழக்கையே நாடகமாக்கினார். 'இலண்டன் கந்தையா'வை அந்நாட்டுத் தமிழர் இன்னும் மறக்கவில்லை. நம் சித்தூர்த் தமிழுக்கும் ஒருநாள் அத்தகைய நாடகம் எழுதப்படும். அதற்கு முன், அந்தத் தமிழைப் பேசுகிறவன் மேடைக்கு வந்தாக வேண்டும்.

மார்கழி விடுமுறைக்குள் வசனம் எழுதி முடிக்க வேண்டும். வழக்குரை காதையை அரைமணி நேரத்துக்கு அமையச் சுருக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இரண்டு படிகள் எழுதுவோம்: தமிழ் எழுத்தில் ஒன்று, தெலுங்கு எழுத்தில் ஒன்று. ஒரு சிறு தொல்லை மட்டும் உண்டு. இன்றைய தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் அவ்வொலிக்குத் தனி எழுத்து இருந்தது, பிற்காலத்தில் வழக்கொழிந்தது. அதை மீட்டுக் கொணரலாமா, அல்லது ளகரத்தின் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று தெலுங்குத் துறை நண்பர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். கல்வெட்டு எழுத்தையே எழுதுங்கள், எங்களுக்கும் அது நினைவு வரட்டும் என்கிறார் அவர்.